திறந்த மூல மென்பொருளைப் பரப்ப வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று சிதறிக் கிடக்கிற ஒரு சின்னக் கூட்டம் நாங்கள். லிப்ரே ஒபிஸ் என்ற திறந்த மூல அலுவலக மென்பொருளை, அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிற, சும்மா கிடைக்கிற, கடிதமும் அட்டவணையும் செய்கிற ஒன்றைத் தமிழ் பேசுகிறவர்களிடம் கொண்டுபோவதுதான் எங்கள் வேலை. நோட்டீஸ் எழுதுவோம், படம் செய்வோம், பாடசாலைகளில் போய்க் காட்டுவோம், புதுப் பதிப்பு வரும்போது ஊருக்குச் சொல்வோம். சம்பளம் இல்லை, அலுவலகமும் இல்லை. புதிதாக வந்தவர்கள் எங்களிடம் கேட்டதும், அவர்களை வரவேற்கிற பொறுப்பில் இருப்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதும் இங்கே கலந்தே இருக்கின்றன. பிரித்துப் போடப் பார்த்தோம், பிரியவில்லை.

சும்மா கிடைக்கிற மென்பொருளுக்கு எதற்கு விளம்பரம்?

சும்மா கிடைப்பதால்தான். விற்கிற கம்பனிக்கு விற்பனைப் பிரதிநிதி இருப்பார், கடைக்காரருக்கும் அதில் ஒரு பங்கு போகும். லிப்ரே ஒபிஸைக் கணினியில் போட்டுக் கொடுத்தால் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்? எனவே அவர் வேறொன்றின் திருட்டுப் பிரதியைப் போட்டுக் கொடுத்து, அதற்கும் ஒரு தொகை வாங்கிக்கொள்வார். இப்படியொரு மென்பொருள் இருப்பதே வாங்குகிறவருக்குத் தெரிய வராது.

பெயர்ச் சிக்கலும் உண்டு. லிப்ரே ஒபிஸ் கிளைத்தது ஓப்பன் ஒபிஸ் என்ற மென்பொருளிலிருந்து. சன் என்ற கணினி நிறுவனம் 2000 ஒக்டோபரில் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2010 இல் ஒரக்கிள் சன்னை வாங்கியது. அதே ஆண்டு செப்டெம்பர் 28 ஆம் திகதி, ஓப்பன் ஒபிஸில் உழைத்துவந்தவர்கள் பலர் பிரிந்து, அந்த வேலையைத் தொடர டொக்கியுமென்ட் பவுண்டேசன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். நிரலைக் கொண்டுபோக முடிந்தது, பெயரைக் கொண்டுபோக முடியவில்லை. லிப்ரே ஒபிஸ் என்ற புதுப் பெயரை முதலிலிருந்து ஊருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்றைக்கும் நாங்கள் போகிற இடத்தில் ஒருவராவது "இது ஓப்பன் ஒபிஸ்தானே?" என்று கேட்காமல் விடுவதில்லை.

தன்னார்வலர்கள் செய்த விளம்பரம் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பயர்பொக்ஸ் என்ற திறந்த மூல இணைய உலாவி. 2004 டிசம்பர் 16 அன்று நியூயோர்க் டைம்ஸில் இரண்டு முழுப் பக்கம் வந்தது. பத்தாயிரம் பேர்வரை காசு போட்டார்கள், பெயர்களெல்லாம் பொடி எழுத்தில் அதிலேயே இருந்தன. அது வந்து பத்தாவது நாள் கல்லடியிலும் நாவலடியிலும் கல்முனைக் கரையிலும் கடல் ஏறியது. காணாமல்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்கு, இலங்கைத் தன்னார்வலர்கள் அந்த நாட்களிலேயே ஒரு திறந்த மூல மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010 இல் ஹெயிட்டி பூகம்பத்துக்கும் அது போயிருக்கிறது. அலை அடித்த இதே கரையில் ஒரு வகுப்பில் "சஹானா கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டோம். ஒரு கையும் எழும்பவில்லை. எழுத ஆள் இருந்திருக்கிறது, நம் பக்கம் வந்து சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை. அந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறோம்.

எனக்குப் புரோகிராமிங் தெரியாது. வரலாமா?

ஓம். எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்கள் நோட்டீஸ்களைக் கடைசியாகப் பார்த்துத் திருத்துகிறவர் பிரதேச செயலகம் ஒன்றில் முப்பது வருடம் கடிதம் தட்டச்சுச் செய்து ஓய்வுபெற்ற அக்கா. அவருக்கு விளங்காத வசனம் யாருக்கும் விளங்காது என்று வைத்துக்கொள்வோம்.

"சேர விருப்பம்" என்று எழுதிவிட்டேன். இனி என்ன நடக்கும்?

இரண்டு நாளுக்குள் ஒரு மனிதர் பதில் எழுதுவார். தானியங்கிப் பதில் வராது.

இந்த விதி வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. வந்தாறுமூலைப் பக்கமிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி எழுதியிருந்தார். படம் நன்றாகச் செய்வார், இரண்டு மாதிரியும் அனுப்பியிருந்தார். நாங்கள் ஆறு பேரும் வாசித்தோம். ஆறு பேரும் "வேறு யாராவது பதில் போடுவார்கள்" என்று இருந்துவிட்டோம். பதினோராம் நாள் ஒருவருக்கு உறைத்து எழுதியபோது, "நன்றி, நான் வேறொரு வேலை எடுத்துவிட்டேன்" என்று மரியாதையாக ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருவரை 'வாசல் பொறுப்பு' என்று போடுகிறோம். அந்த வாரம் யார் வந்தாலும் பதில் அவருடையது. அவருக்கு முடியாவிட்டால் ஆள் மாற்றிவிட வேண்டும், சும்மா இருக்கக் கூடாது.

பதிலில் மூன்று கேள்விகள் இருக்கும். என்ன செய்யப் பிடிக்கும்? வாரத்தில் உண்மையாகவே எத்தனை மணித்தியாலம் ஒதுக்கலாம்? கையில் இருப்பது கணினியா, போன் மட்டுமா? மூன்றாவதைக் கேட்காமல் விட்டு ஒருமுறை மூக்குடைபட்டோம். போன் மட்டும் வைத்திருந்த ஒரு தம்பியிடம் லிப்ரே ஒபிஸின் ஒரு பகுதியான இம்பிரெஸ்ஸில் காட்சித் தாள் செய்யச் சொல்லிவிட்டு, ஒரு மாதம் அவரைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கணினி இல்லையென்று சொல்ல அவருக்குக் கூச்சம். போனிலேயே செய்யக்கூடிய வேலை எவ்வளவோ இருந்தது.

"வாரம் பத்து மணித்தியாலம்" என்று எழுதினால் இரண்டு மணித்தியால வேலைதான் தருவோம். கோபிக்க வேண்டாம். முதல் வாரத்து உற்சாகத்தை நாங்களும் கண்டவர்கள்.

வருகிறவரை எப்படி விளிப்பது? (வாசல் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்டது)

பெயர் சொல்லி, 'நீங்கள்' போட்டு. ஒருவரை நாங்கள் "வாங்க தம்பி" என்று வரவேற்றோம். அவர் ஓய்வுபெற்ற அதிபர், எங்களில் ஒருவருக்குப் படிப்பித்தவரும்கூட. 'புரோ', 'டியர்' வேண்டவே வேண்டாம். அவர் வணக்கம் என்று எழுதியிருந்தால் வணக்கம், ஸலாம் சொல்லியிருந்தால் ஸலாம். பழகினால் அண்ணா, அக்கா, முஸ்லிம் வீடுகளில் அதற்குச் சொல்கிற காக்கா, ராத்தா எல்லாம் தானாக வரும்.

முதல் வேலை எப்படி இருக்கும்?

சின்னதாக இருக்கும். ஒரு வாரத்துக்குள் முடியும். முடிந்தால் வெளியே நாலு பேர் பார்ப்பார்கள். பிழைத்தாலும் ஒன்றும் கவிழாது. அண்மையில் ஒருவருக்குக் கொடுத்ததை அப்படியே தருகிறோம் (கல்க் என்பது லிப்ரே ஒபிஸின் கணக்கு அட்டவணைப் பகுதி):

"வேலை: கல்க்கில் மாணவர் வரவுப் பதிவேடு செய்வதைக் காட்டும் நோட்டீஸ். அளவு ஏ5, ஒரு பக்கம். வாசிப்பவர்: கணினிக்குப் பழக்கமில்லாத ஆசிரியர். படம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. முடிக்கவேண்டிய நாள்: அடுத்த சனி இரவு. சந்தேகம் வந்தால் கேட்கவேண்டியவர்: அக்கரைப்பற்றுக் காக்கா, இரவு எட்டு மணிக்குப் பிறகு. முடிந்ததும் எங்கே போகும்: திங்கள் காலை இரண்டு பாடசாலை அறிவித்தல் பலகைக்கு."

கடைசி வரிதான் ஆளை இழுக்கிறது. தான் செய்தது எங்கே போய் ஒட்டப்படும் என்று தெரிந்தால் சனி இரவு பன்னிரண்டுக்கும் உட்கார்ந்து முடிப்பார்கள். அந்தக் காக்கா செய்த இன்னொரு நல்ல காரியம், பலகையில் ஒட்டியதைப் படம் எடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பியது. முன்னால் ஒரு ஆசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்துக்குப் பிறகு இரண்டாவது வேலையை நாங்கள் கொடுக்கவில்லை, அவரே கேட்டார்.

"நம்ம பேஸ்புக் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க" என்பதை நாங்கள் வேலையாகவே எண்ணுவதில்லை. எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்று தெரியாத ஒன்றை புது ஆளின் தலையில் கட்டினால் அவர் இரண்டு நாள் பார்ப்பார், மூன்றாம் நாள் பார்க்க மாட்டார், பிறகு எங்களைப் பார்த்தாலும் ஒளிப்பார். இருபது பக்க வழிகாட்டியைக் கொடுத்து "முதலில் இதை வாசியுங்கள்" என்பதும் அப்படித்தான். வழிகாட்டி இருக்கிறது. வேலை செய்யும்போது தேவைப்பட்ட பக்கத்தை மட்டும் காட்டுவோம்.

பதவி தருவீர்களா? சான்றிதழ் கிடைக்குமா?

அடிக்கடி கேட்கப்படுவது, கூச்சத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். கேட்பதில் பிழையில்லை. வேலை தேடுகிற பிள்ளைக்கு ஒரு தாள் உதவும்.

பதவி இல்லை. ஆரம்பத்தில் கொடுத்துப் பார்த்தோம். மாவட்ட இணைப்பாளர், ஊடகப் பொறுப்பாளர், துணைப் பொறுப்பாளர் என்று ஒன்பது பேருக்குப் பட்டம் இருந்தது. நோட்டீஸ் எழுத ஆள் இல்லை. பட்டம் வாங்கியவர் வேலை செய்யாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வரவும் தயங்குவார், அது இன்னும் மோசம்.

சான்றிதழுக்குப் பதில் கடிதம் தருவோம். செய்ததை மட்டும் சொல்லும்: எந்த நோட்டீஸ், எந்தப் பாடசாலை, எந்த மாதம். நேர்முகத் தேர்வில் 'சிறப்பாகப் பங்களித்தார்' என்ற வரியைவிட அந்த விபரம் நன்றாகப் பேசுகிறது. தொடர்ந்து செய்பவர்கள் டொக்கியுமென்ட் பவுண்டேசனிலேயே உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தது மூன்று மாதப் பங்களிப்பு வேண்டும், நிரல் எழுதாதவர்களின் வேலையும் கணக்கில் வரும். உறுப்பினருக்கு வாக்கு உண்டு.

பரிசைத் தூண்டிலாகப் போடுவது எங்களுக்குப் பயம். ஹக்டோபர்பெஸ்ட் என்று 2014 இலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் நடக்கிறது. திறந்த மூலத் திட்டங்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பினால் அந்த நாட்களில் டீசேர்ட் கிடைத்தது. 2020 இல் டீசேர்ட்டுக்காகவே ஆயிரக்கணக்கில் குப்பைத் திருத்தங்கள் வந்து குவிந்தன. சம்பளமில்லாமல் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் அதைத் துடைத்தே களைத்தார்கள். விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டும்தான் என்று சில நாட்களுக்குள் விதியை மாற்ற வேண்டி வந்தது. நாங்களும் ஒருமுறை 'அதிகம் பகிர்ந்தவருக்கு பென்டிரைவ்' என்று போட்டோம். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

எந்த எழுத்துருவில் தட்டச்சுச் செய்வது?

யுனிகோட், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கிற முறை. வேறு எதுவும் வேண்டாம்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகியவர்கள் இன்னும் நிறையப் பேர். பாமினி தமிழைத் தமிழாகச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. முகமூடி இல்லாத கணினிக்குப் போனால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். எங்களுக்கு அது நடந்தது ஒரு கொமினிகேசன் கடையில். காலை ஒன்பதரைக்குக் கண்காட்சி, பெனர் அடிக்கக் கொடுத்தது முதல்நாள் மாலை. கடைத் தம்பி கேட்டுக்கேள்வியில்லாமல் அடித்து, சுருட்டி, றப்பர் போட்டு வைத்துவிட்டார். மண்டபத்தில் விரித்தால் ஆறடி நீளத்துக்கு அரைப்புள்ளிகள். அதைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் எழுதிக் கட்டினோம். பரவாயில்லை, அதன் முன்னால் நின்று படம் எடுத்தவர்கள் அதிகம்.

இப்போது அச்சுக்குப் போகிற எதுவும் பிடிஎப் ஆகத்தான் போகும், எழுத்துரு உள்ளேயே பதிந்தபடி. பழைய பாமினிக் கோப்பு இருந்தால் அனுப்புங்கள், மாற்றித் தருவோம். பாமினி விசைப்பலகையில் கை பழகியிருந்தால் அதே அமைப்பில் யுனிகோட் அடிக்கவும் கருவிகள் உண்டு, வந்து கேளுங்கள்.

எல்லாவற்றையும் வட்ஸ்அப் குழுவிலேயே செய்யலாமே?

பேசலாம், வேலையை அங்கே வைக்க முடியாது. காலை எட்டு மணிக்கு யாரோ ஒருவர் "நான் போஸ்டர் செய்கிறேன்" என்பார். பத்து மணிக்குள் அதன்மேல் இருபது பிறந்தநாள் வாழ்த்தும் ஒரு மரண அறிவித்தலும் விழுந்திருக்கும். அடுத்த வாரம் இரண்டு பேர் ஒரே போஸ்டரோடு வந்து நிற்பார்கள். அதனால் 'வேலைத் தாள்' என்று ஒரு பகிர்ந்த அட்டவணை வைத்திருக்கிறோம். வேலை, ஆள், நாள், நிலை என்று நாலு நெடுவரிசை. குழுவில் பேசி முடிவானதைத் தாளில் ஏற்றாவிட்டால் அது முடிவானதாகக் கணக்கில்லை.

இன்னொரு காரணம் தொலைபேசி இலக்கம். குழுவில் சேர்ந்த கணமே எல்லோருக்கும் இலக்கம் தெரிந்துவிடும். சில பெண்பிள்ளைகள் சேராமலே விட்டதற்குக் காரணம் அதுதான் என்று எங்களுக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. அவர்களாகச் சொல்லவில்லை, ஒருவருடைய உம்மா சொன்னார். இப்போது வட்ஸ்அப்பில் இல்லாமலே, மின்னஞ்சலும் வேலைத் தாளும் வைத்து முழுதாகப் பங்கெடுக்கலாம். ஏன் குழுவில் இல்லை என்று யாரும் கேட்கக் கூடாது.

கூட்டம் எத்தனை மணிக்கு?

எங்கள் கூட்டம் ஞாயிறு இரவு எட்டரை, நாற்பது நிமிடம். வெள்ளி ஜும்ஆ நேரத்திலோ நோன்பு மாத மாலைகளிலோ எதையும் வைப்பதில்லை.

உலகளாவிய குழுக்களின் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுவார்கள், நாங்கள் மாற்றுவதில்லை. பெர்லினில் மாலை ஆறு என்றால் கோடையில் நமக்கு இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. இது தெரியாமல் நவம்பரில் ஒருமுறை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம்.

வேலையை எடுத்தவர் காணாமல் போய்விட்டால்?

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். லிப்ரே ஒபிஸின் பெரிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு, பெப்ரவரியை ஒட்டி ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. 2024 இலிருந்து பதிப்பு எண்ணே அதைச் சொல்கிறது: 24.2, 24.8. எங்களுக்கு வேலை குவிகிற மாதங்கள் அவை. நம்ம பக்கத்தில் பெப்ரவரி என்றால் பெரும்போக அறுவடை, ஆகஸ்ட் என்றால் சிறுபோக அறுவடை. வெல்லாவெளியிலும் சம்மாந்துறையிலும் வயல் உள்ள வீட்டுப் பிள்ளை அந்த நேரம் வெட்டு மெசினுக்குப் பின்னால் நிற்குமா, போஸ்டருக்குப் பின்னால் நிற்குமா? நவம்பர் பிறந்தால் மழை, வெள்ளம், கரண்ட் கட். நடுவில் பரீட்சை.

பெர்லினில் இருந்து பதிப்புத் திகதி குறிக்கிற பவுண்டேசன்காரர்களுக்கு நம்ம போகம் தெரியாது, தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். பெப்ரவரிப் பதிப்புக்கான நோட்டீஸை டிசம்பரிலேயே தொடங்கி, புதிய அம்சங்களுக்கு மட்டும் இடம் விட்டு வைப்போம்.

அப்படியும் ஆள் மறைந்தால், குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு வாசல் பொறுப்பாளர் ஒரு செய்தி அனுப்புவார். "எங்கே வேலை?" என்று கேட்க மாட்டார். "நேரம் போதுமா, வேறு ஒருவருக்கு மாற்றட்டா?" என்று கேட்பார். மாற்றுங்கள் என்று சொன்னால் அதோடு சரி, காரணம் கேட்பதில்லை. பதிலே வராவிட்டால் நாள் கடந்து மூன்றாம் நாள் தாளில் பெயரை எடுத்துவிட்டு வேலையைத் திறந்து வைப்போம். எடுத்தோம் என்று அவருக்கும் அறிவிப்போம். குழுவில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கேட்பது மட்டும் கூடவே கூடாது. அப்படிக் கேட்டு ஒரு நல்ல ஆளை இழந்திருக்கிறோம். அவருடைய வாப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

சின்னத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடலாமா?

கூடாது. நிரல் மொசில்லா பொது உரிமம் 2.0 இன்கீழ் இருக்கிறது, யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பெயரும் சின்னமும் வேறு, அவை வணிகக் குறிகள். தைப்பொங்கலுக்குச் சின்னத்தைச் சுற்றிக் கரும்பு கட்டிய படம் அழகாகத்தான் இருந்தது. கரும்பைப் பக்கத்தில் தள்ளி வைக்கச் சொன்னோம்.

மைக்ரோசொப்டைத் திட்டி எழுதலாமா?

வேண்டாம். அதைப் பாவிப்பவர்தான் உங்கள் வாசகர். லிப்ரே ஒபிஸின் குறையையும் மறைக்காதீர்கள். வேர்ட் கோப்பைத் திறந்தால் சில இடத்தில் அட்டவணை நகரும், எழுத்துரு மாறும். அதை நாங்களே முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் விட்ட ஒரு பட்டறையில், அலுவலர் ஒருவர் தன் பென்டிரைவைச் செருகி நகர்ந்துபோன அட்டவணையை எல்லோருக்கும் காட்டினார். மிச்ச ஒரு மணித்தியாலம் எங்களுக்கு அது ஒன்றுதான் பேச்சு.

பாடசாலைக்குப் போகும்போது என்ன கொண்டுபோவது?

பென்டிரைவ் மூன்று. நிறுவற் கோப்பு முந்நூறு எம்.பி.க்கு மேல், அங்கே போய் இறக்க முடியாது. எக்ஸ்டென்சன் வயர் ஒன்று. முதலில் அதிபரைக் கண்டு கதையுங்கள், கணினி அறைக்குப் பிறகு போகலாம். புது ஆளைத் தனியே அனுப்ப மாட்டோம், முதல் இரண்டு முறை கூடப் போய்ப் பார்க்கத்தான்.

செலவு?

போட்டோகொப்பி, பஸ் காசு மட்டும் பொதுவில் போகும், பற்றுச்சீட்டோடு. உங்கள் டேட்டாவுக்கு எங்களால் தர முடிவதில்லை. அதனால்தான் பெரிய கோப்புகளைக் கூட்ட நாளில் கையில் கொடுத்து வாங்குகிறோம்.

ஒருங்கிணைப்பாளர் யார்?

இப்போது ஒரு ராத்தா. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆள் மாறும், ஆறு மாதத்துக்கு மேல் யாரும் வைத்திருப்பதில்லை. மாறும்போது கடவுச்சொற்களும் மாறும். முன்பு பக்கத்தின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் கட்டாருக்குப் போய், ஏழு மாதம் அந்தப் பக்கம் பழைய பதிப்பையே விளம்பரம் செய்துகொண்டிருந்தது. இப்போது எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கும்.

விலக வேண்டுமென்றால்?

ஒரு வரி எழுதினால் போதும். கையில் இருந்த வேலையையும் கோப்புகளையும் தாளில் குறித்துவிட்டுப் போங்கள். பிரியாவிடைக் கூட்டம், ஏன் போகிறீர்கள் என்ற விசாரணை ஒன்றும் இல்லை. உங்கள் பெயர் தாளின் இரண்டாவது பக்கத்தில், செய்த வேலைகளுக்கு எதிரே அப்படியே இருக்கும். போன ஆகஸ்டுக்கு முன்னர் பரீட்சை என்று விலகிய இரண்டு பேர் அடுத்த பதிப்புக்குத் திரும்பி வந்தார்கள். வரலாமா என்று கேட்கவில்லை. ஒருநாள் காலை பார்த்தால், ஆளில்லாமல் கிடந்த இரண்டு வரிகளுக்கு எதிரே அவர்களுடைய பெயர் ஏறியிருந்தது.